சுவர்க்கோழிச் சுருதி

நெல்லித்தோப்புக்கு வந்து தனிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள். பூச்சி மாஸ்டர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து அழைத்து வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவர் கட்டின பெண்டாட்டி ஸ்டெல்லாமேரிதான்.

மனுஷன் மில்லில் தறி ஓட்டியவர். மில்லை இழுத்து மூடுகிற வரைக்கும் வாரமெல்லாம் தறி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம். பாட்டுக்குழுவை அவர் கையில் ஒப்படைத்த சாமியார் போய்ச் சேர்ந்து, அவருக்குப் பின்னால் எத்தனையோ சாமியார்கள் வந்து மாற்றலாகிப் போய்விட்டார்கள். மாஸ்டர் மட்டும் மாறவில்லை. அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வேதத்தில் எங்கேயாவது ஒரு பூச்சி தலையைக் காட்டிவிட்டால் போதும், அதற்கு மெட்டுப் போடாமல் தூங்க மாட்டார். சோம்பேறியை எறும்பிடம் போய்ப் பாடம் படிக்கச் சொல்லும் இடம் வந்தால், ஆர்மோனியத்தில் விரல் எறும்பு போலவே வரிசை பிடித்து ஊரும். எகிப்தில் வெட்டுக்கிளி இறங்குகிற இடம் வந்தால் தபேலாக்காரர் கை வீங்கிவிடும். பெட்டியில் பூட்டி வைத்த துணியைப் பூச்சி அரித்துவிடும், மேலே பரலோகத்தில் சேர்த்து வை என்கிற வாசகத்துக்கும் ஒரு மெட்டுப் போட்டிருந்தார். அதை மட்டும் அவர் பெண்டாட்டியைத் தவிர யாராலும் பாட முடியவில்லை. மூச்சு வெளியே தெரியாமல், அந்துப்பூச்சி விளக்கைச் சுற்றுகிற மாதிரி மெல்லப் பாட வேண்டும். அதை ஸ்டெல்லாமேரி பாடினால் கோயிலில் கைக்குழந்தைகூட அழாது.

"கொசுவுக்கு ஒரு பாட்டு போட்டுட்டீங்கன்னா, நம்ம முனிசிபாலிட்டிக்காரனே வந்து மெடலு குடுப்பான்" என்று அவரைச் சீண்டுவாள். அவர் கோபித்துக்கொண்டு ஆர்மோனியத்தை மூடுவார். மூடின கையோடு அவளே காபி கொண்டுவந்து கொடுத்துத் திறக்க வைப்பாள். இந்தக் கூத்தைப் பார்த்தே வளர்ந்தவள் அவர்கள் மகள் லினெட். லாஸ்பேட்டையில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை. காலையில் ஸ்கூட்டியில் போனால் சாயங்காலம் வருவாள்.

அவர்கள் இருந்தது ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டில். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விட்டார். பின்கட்டை ஒட்டித் துணி துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, நாலு வாழை. தொட்டிச் சுவர் வெடிப்பில் சுவர்க்கோழிப் பூச்சிகள் குடித்தனம் இருந்தன. மழை பெய்து விட்டதோ இல்லையோ, பொழுது சாய்ந்ததும் கத்த ஆரம்பித்துவிடும். வேறு வீடாக இருந்தால் கொதிக்கிற வெந்நீரை ஊற்றியிருப்பார்கள். ஸ்டெல்லாமேரி அதில்தான் சுருதி பிடித்தாள்.

மாஸ்டரின் ஆர்மோனியம் ஐந்து கட்டை. பாட்டுக்குழுவே அந்த ஐந்து கட்டைக்குப் பழகின குழு. கோயிலில் அவளும் அதற்கு அடங்கிப் பாடுவாள். வீட்டில் அடுப்படியில் நின்று பாடும்போது மட்டும் அவள் ராஜ்ஜியம். தொட்டிப் பக்கம் காதை நீட்டிக் கேட்பாள், தொண்டையைச் செருமுவாள், ஐந்தரைக் கட்டையில் எடுப்பாள்.

"அரைக் கட்டை ஏத்திப் பாடுற மேரி" என்று இவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்.

"நான் ஏத்தல. செவுத்துக்கோழி ஏத்துது. உங்க பொட்டிதான் எறங்கிக் கெடக்குது" என்பாள் அவள்.

இந்தச் சண்டை அவர்களுக்குள் தீரவே இல்லை. போன வருஷம் ஐப்பசியில் அவள் போனாள்.

வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போன அன்றைக்குச் சாயங்காலம், மருந்து தீர்ந்துவிட்டதென்று லினெட் கடைக்குப் போயிருந்தாள். அறையில் தனிஸ்லாஸ் மட்டும்தான் இருந்தார். அப்போது நடந்ததை அவர் ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் மகளிடம் சொன்னார்.

"கண்ணத் தெறந்து பாத்தாம்மா. ஜன்னலத் தெறங்க, செவுத்துக்கோழி கத்துது, சுருதி வச்சிக்கிறேன், ஒரு பாட்டு பாடணும்னா. நான் காதக் குடுத்துக் கேட்டேன். வெளிய ஒரு சத்தமும் இல்ல. ஒண்ணும் கத்தல மேரின்னேன். கத்துதுங்கன்னா. மருந்து வேகம், புத்தி தடுமாறுது, கண்ண மூடிக்கன்னு சொன்னேன். அப்டியான்னு கேட்டா. அவ்ளோதான். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அதுக்கப்புறம் பேசலியே."

விடிவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

 அன்றைக்கு மருந்தை வாங்கிக்கொண்டு லினெட் கேட்டைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. தொட்டிப் பக்கமிருந்து சுவர்க்கோழிகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன. சனியன்களே, இன்றைக்குமா என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தது நன்றாக நினைவிருக்கிறது. அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். அப்பாவுக்குத்தான் கேட்கவில்லை.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் நிறுத்தவில்லையே. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"நான் புத்தி தடுமாறுதுன்னு நெனச்சிட்டேன் பாரு. கன்னியாஸ்திரி அம்மா சொல்லித்தான் புரிஞ்சிது. கடைசி நேரத்துல பரலோகத்துலேருந்து சம்மனசுங்க எறங்கி வந்து பாடுமாம். அது அவளுக்கு மட்டும்தான் கேக்குமாம். எனக்கு எப்டிக் கேக்கும்? அவ போறான்னு தெரிஞ்சி இந்தப் பூச்சிங்க வாயப் பொத்திக்கிச்சி. அன்னிக்கி நிறுத்தினதுதான், இன்னும் வாயத் தெறக்கல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கூடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் தொட்டிப் பக்கம் சுவர்க்கோழி கத்திக்கொண்டுதான் இருந்தது. லினெட் தலையைக் குனிந்துகொண்டாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் இதே கதைதான். துக்கக்காரர் சொல்வதை யார் மறுத்துப் பேசுவார்கள்? பக்கத்து வீட்டு வீராயி மட்டும் ஒருநாள், "இன்னாண்ணே சொல்ற, ராவானா அதுங்க சத்தத்துல எங்க ஊட்டுல டிவிகூடக் கேக்க..." என்று ஆரம்பித்தாள். லினெட் பின்னாலிருந்து கையைக் கூப்பினாள். வீராயி கெட்டிக்காரி, பேச்சை அப்படியே வாழைத்தார் பக்கம் திருப்பிவிட்டாள். அப்புறம் லினெட்டைத் தனியே பிடித்து, "மில்லுல தறி ஓட்டுனவங்களுக்கெல்லாம் இப்டித்தான் ஆவுது. எங்க வூட்டுக்காரருக்கும் குக்கரு விசிலு கேக்காது, லாரி சத்தம் கேக்கும். சொல்லிடு பாப்பா" என்றாள்.

சொல்லிவிடலாம். காது மந்தமாகிவிட்டது அப்பா, டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால் கோபப்படுவார், அப்புறம் வருவார். அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் அவர் அந்தக் கட்டிலுக்குப் போய்விடுவாரே. சாகிற பெண்டாட்டி சுருதி கேட்டாள், அவளைப் பார்த்துப் புத்தி தடுமாறுகிறது என்று சொன்னேன் என்று தெரிந்துபோகுமே. அவள் "அப்டியா" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பியது எதற்கு என்று தெரிந்துபோகுமே. அதற்கப்புறம் அவர் எப்படி ஒரு வாய் சோறு தின்பார் என்று லினெட்டுக்குத் தெரியவில்லை. அதனால் மென்று முழுங்கினாள். வருஷம் ஓடிவிட்டது.

இப்படியே ஓடியிருக்கும். மாஸ்டர் சும்மா இருந்தால்தானே?

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அவர் புதுசாக ஒரு பாட்டுக் கட்டினார். உப்பளம் கல்லறையில் சாயங்காலப் பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கப் போவதற்கு முன் பாட வேண்டிய பாட்டு. முதல் பாதி இப்படி முடியும்:

புல்லிலிருந்த பூச்சியும் பாட்டை நிறுத்தியதே - நீ
போகும் வழியில் பூமியே வாயைப் பொத்தியதே

அதோடு எல்லாம் நிற்க வேண்டும். ஆர்மோனியம், தபேலா, குரல் ஒன்றும் கூடாது. ஒரு பரலோக மந்திரம் மனசுக்குள் சொல்லி முடிக்கிற நேரம் அமைதி. பிறகு ஆர்மோனியத்தின் துணையில்லாமல் வெறும் குரலில் எடுக்க வேண்டும்:

எனக்குக் கேளாத இன்னிசை உனக்குக் கேட்டதே

கோயில் பக்கத்து ஹாலில்தான் ஒத்திகை. தலைக்கு மேல் நாலு ஃபேன் கடகடவென்று ஓடும், தெருவில் பஸ் போகும். அங்கே ஒரு வில்லங்கமும் இல்லை. பாட்டும் நன்றாக வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பாடுகிற வசந்தா அக்கா ஒவ்வொரு ஒத்திகையிலும் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். அவளும் ஸ்டெல்லாமேரியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடினவர்கள்.

தபேலா வாசிக்கிற ஜெரின் பேங்கில் வேலை பார்க்கிறவன், விவரமானவன். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் லினெட்டின் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜால்ராவ நல்லாத்தான் தட்டுறாங்க. ஏன் தட்டலன்னு மாஸ்டர் திட்டுறாரு. ரெண்டு மூணு வாரமா இல்ல, ரொம்ப நாளாவே இப்டித்தான்."

"தெரியும் ஜெரின்."

"தெரிஞ்சுமா? கல்லறையில போன வருஷம் நின்னீங்கல்ல? சுத்திப் புல்லு, மழக்காலம். சரியா அந்த நேரத்துக்குச் செவுத்துக்கோழிங்க கத்தும். பூச்சி பாட்ட நிறுத்திடுச்சின்னு நாங்க பாடி நிறுத்தினதும் அதுங்க கத்துனா ஜனங்க சிரிக்காதா? அம்மாவ நெனச்சிக் கட்டின பாட்டுக்கா. சிரிச்சாங்கன்னா மாஸ்டர் தாங்க மாட்டாரு. நீங்கதான் சொல்லணும்."

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்தால், அப்பா அவளுக்காகவே காத்திருந்தார்.

"பாப்பா, உங்கம்மா அடுப்படியில பாடுனத ஒருவாட்டி ஃபோன்ல எடுத்தியே, இருக்குதா? பாட்டு முடிஞ்சதும் அத மைக்குல போடலாம்னு பாக்குறேன். அவ குரலும் கேக்கட்டும், அந்தப் பூச்சி கூடவே கத்துறதும் கேக்கட்டும். எப்டிக் கத்தினது எப்டி அடங்கிப் போச்சின்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

லினெட் ஃபோனை எடுத்தாள். தேடுகிற மாதிரி நேரத்தைக் கடத்திப் பார்த்தாள். அவர் நகரவில்லை. எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

தனிஸ்லாஸ் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஸ்டெல்லாமேரி அந்த அந்துப்பூச்சிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் கரண்டி விழுந்தது, சிரித்தாள், மறுபடி எடுத்தாள். அவள் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் சுவர்க்கோழி கணீரென்று நின்றது. எட்டி நின்ற லினெட்டுக்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். அதற்கப்புறம் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூச்சி எங்க? பதியலியே."

இதுதான் சமயம். இதை விட்டால் வேறு சமயம் வராது. லினெட் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஃபோன் மைக்குப்பா அது. பேச்சு, பாட்டு இத மட்டும்தான் எடுக்கும். சின்னச் சத்தத்த எடுக்காது."

"அப்டியா" என்றார் தனிஸ்லாஸ். "போவட்டும் வுடு."

லினெட் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கல்லறைத் திருநாள் அன்று காலையிலேயே உப்பளத்துக்குப் போய், அம்மா கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டுவிட்டு வந்தாள் லினெட். மத்தியானம் ஒரு பாட்டம் மழை கொட்டியது. மழை விட்டால் பூச்சிகள் இன்னும் கத்துமே என்று அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே கேட்டாள்.

"அப்பா, அந்த எடத்துல நிறுத்தாமப் பாடிடலாமே? வெளியில நிறுத்தினா ஜனங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. எடுபடாது."

"இன்னா பேசுற நீ? பாட்டே அந்த எடந்தான்." அவர் குரல் இறங்கியது. "உங்கிட்ட சொல்றதுக்கு இன்னா, அவ போனதுலேருந்து எனக்குக் காலையில எழுந்திருக்கவே புடிக்கல லினெட்டு. கடைசியா அவளுக்குச் சம்மனசு பாட்டு கேட்டிச்சி, நல்லபடியாப் போனா, அந்த ஒண்ண வச்சித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். அத ஒருவாட்டி எல்லார் முன்னாலயும் பாடிட்டா எனக்குப் போதும்."

இதற்கு மேல் எந்த மகளால் வாயைத் திறக்க முடியும்? லினெட் வாசலுக்கு வந்து ஜெரினுக்கு ஃபோன் போட்டாள். மைக்செட்காரரிடம் சொல்லி ஜெனரேட்டரைப் பாட்டுக்குழுவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள். அது போடுகிற சத்தத்தில் பூச்சி என்ன, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஜெரினும் சரிக்கா என்றான். கொஞ்சம் மூச்சு வந்தது.

உப்பளம் கல்லறையில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. அரியாங்குப்பத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லறை மேலும் மெழுகுத்திரி, ஊதுவத்தி, பூ. மழை விட்ட ஈரத்தில் ஈசல் கிளம்பித் திரிகளில் விழுந்து பொசுங்கிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் உறுமிய உறுமலில் சாமியார் பிரசங்கத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. லினெட் பாட்டுக்குழுவின் ஓரத்தில் நின்று, இப்படியே இன்னும் கொஞ்ச நேரம், மாதாவே இன்னும் கொஞ்ச நேரம் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்தது. தனிஸ்லாஸ் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். மைக்செட்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஜெனரேட்டர நிறுத்திடு. எங்களுக்கு மைக்கு வேணாம், லைட்டும் வேணாம்."

ஜெரின் ஏதோ சொல்ல வந்தான். மாஸ்டர் கையைக் காட்டினார். ஜெனரேட்டர் நின்றது, குழல் விளக்குகள் அணைந்தன. மெழுகுத்திரிகள் மட்டும் எரிந்தன.

பாட்டைத் தொடங்கினார்கள். ஐந்து கட்டை. வசந்தா அக்கா முதல் வரியிலேயே குரல் கம்மினாலும் சமாளித்துக்கொண்டாள். பேசிக்கொண்டிருந்த ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்டெல்லாமேரியைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். பூமியே வாயைப் பொத்தியதே என்று முடித்து, தனிஸ்லாஸ் இரண்டு கையையும் உயர்த்தினார். எல்லாம் நின்றது.

சுவர்க்கோழிகள் கத்தின.

எப்போதிலிருந்து கத்திக்கொண்டிருந்தனவோ, யார் கண்டார்கள்? ஒன்றில்லை, இரண்டில்லை. செதுக்காத கல்லறைகளின் புல்லிலிருந்தும், மதில் வெடிப்பிலிருந்தும், சிலுவைகளின் அடியிலிருந்தும் அந்தக் கல்லறை பூராவும் ஒரே சுருதியில் கணகணத்தது. ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெரின் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. சிலர் புல்லைப் பார்த்தார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அவர் முகத்தில் அதே வெளிச்சம். அதைப் பார்க்க முடியாமல் லினெட் தரையைப் பார்த்தாள்.

அவர் கையை இறக்கினார். பாட்டுக்குழு எடுத்தது.

எனக்குக் கேளாத இன்னிசை உனக்குக் கேட்டதே.

தனிஸ்லாஸ் கண்ணைத் திறந்தார். நெற்றி சுருங்கியது. ஐந்து கட்டையில் எடுக்க வேண்டிய குழு வேறெங்கோ எடுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர்கள் இப்படித் தப்பினதில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவர்களை இழுத்துக்கொண்டு வர ஆர்மோனியத்தில் ஐந்து கட்டையை அழுத்தினார். சேரவில்லை. விரலைப் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்தினார். அச்சாகச் சேர்ந்தது.

ஐந்தரை.

அத்தனை பேரும் ஒருத்தர் விடாமல் ஐந்தரையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கே அது தெரியவில்லை. காதில் விழுந்த சுருதியைக் குரல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்தச் சுருதியை அவர் பெட்டி கொடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து அதை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறார் அவர். அதை மேரி எங்கிருந்து எடுத்தாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

விரல் கட்டையிலேயே நின்றது. துருத்தி அமுக்கின கை நின்றுவிட்டது. அவர் ஜனங்களின் முகத்தைப் பார்த்தார், பிறகு புல்லைப் பார்த்தார். கடைசியாக மகளைப் பார்த்தார். பாட்டுக்கு நடுவில் உதடு மட்டும் அசைந்தது.

"கத்துதா?"

லினெட்டால் இனிமேல் பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினாள்.

பாட்டுக்குழு தானாகவே பாடி முடித்தது. சாமியார் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு கல்லறைகளை மந்திரிக்கப் போனார். ஜனங்கள் தங்கள் தங்கள் கல்லறைக்குக் கலைந்தார்கள். வசந்தா அக்கா வந்து, "நல்லாருந்துது மாஸ்டர்" என்று கையைப் பிடித்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நடந்தார். லினெட் பின்னாலேயே ஓடினாள்.

ஸ்டெல்லாமேரியின் கல்லறைக்குப் பக்கத்தில் ஈரத்தோடு ஈரமாக உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியெல்லாம் சேறு. திரும்பாமலே கேட்டார்.

"அன்னிக்கும் கத்திச்சா?"

"அப்பா..."

"கேக்குறேன்ல. நீ மருந்து வாங்கிட்டு உள்ள வந்தப்பக் கத்திச்சா?"

"கத்திச்சிப்பா."

அவர் அழுவார் என்று லினெட் நினைத்தாள். அழவில்லை. மார்பில் ஒருமுறை அடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, காதைக் கல்லறைச் சிமெண்டோடு வைத்துப் பார்த்தார். புல்லோடு வைத்துப் பார்த்தார். அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சுவர்க்கோழி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"புத்தி தடுமாறுதுன்னு சொன்னேனே அவள" என்றார். "சரியாச் சொன்னவளப் பாத்து நான் சொன்னேனே. அத நம்பிக்கிட்டே போயிட்டாளே."

லினெட் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.  காற்றில் அணைந்த ஒரு திரியை எடுத்து, பக்கத்துத் திரியில் பற்றவைத்து வைத்தாள்.

தனிஸ்லாஸ் கல்லறையை உள்ளங்கையால் தடவினார்.

"மேரி, கத்துதுடி. நல்லாக் கத்துது. அஞ்சரைதான். நீ பாடு."

 பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா இப்ப நம்ப மாட்டா. நீ சொல்லு."

லினெட் குனிந்து, சிமெண்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"கத்துதும்மா."